பனித்தளத்தில் ஓர் எட்டு: கட்டாய உருவங்களைத் தொலைக்காட்சி வென்ற கதை

1972 பிப்ரவரியில் ஜப்பானின் சப்போரோ நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் எல்லோரையும் கவர்ந்தவர் அமெரிக்காவின் ஜேனட் லின். ஒரு சுழற்சியில் வழுக்கிப் பனித்தளத்தில் உட்கார்ந்துவிட்டவர், சிரித்தபடியே எழுந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். ஜப்பானியர்கள் அந்தச் சிரிப்பை வெகுகாலம் கொண்டாடினார்கள். இசைக்கு ஆடும் அந்தச் சுற்றில், விழுந்தும்கூட, அவருக்குத்தான் முதலிடம். ஆனால் கழுத்தில் ஏறியது வெண்கலப் பதக்கம். தங்கம் வாங்கியவர் ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷூபா. அதே சுற்றில் அவர் பிடித்திருந்த இடம் ஏழு.

தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு இது அநியாயமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் ஷூபாவுக்கு யாரும் சலுகை காட்டவில்லை. மொத்த மதிப்பெண்ணில் சரிபாதி வேறொரு சுற்றுக்கு உரியது. பெரும்பாலான பார்வையாளர்களின் கண்ணில் படாத அந்தச் சுற்றில் அவர் எல்லோரையும் வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியிருந்தார். அதன் பெயர் கட்டாய உருவங்கள். ஸ்கேட்டிங் உலகில் சுருக்கமாக ‘ஃபிகர்ஸ்’ என்பார்கள்.

இன்று ஒலிம்பிக்கில் ஃபிகர் ஸ்கேட்டிங் பார்க்கிறவர்கள் தாவலையும் சுழற்சியையும் ஆடையையும் இசையையும் பார்க்கிறார்கள். அந்த விளையாட்டின் பெயரில் இருக்கும் ‘ஃபிகர்’ எங்கே என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. இரு நூற்றாண்டுகள் இந்த விளையாட்டின் உயிராக இருந்த ஒன்று, கேமரா வந்தபின் முப்பதே ஆண்டுகளில் போட்டியிலிருந்து வெளியேறியது. எப்படி என்று புரிய வேண்டுமானால், முதலில் ஃபிகர்ஸ் என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

காலால் வரைவது

ஸ்கேட் காலணியின் அடியில் இருக்கும் பிளேடு, சமையலறைக் கத்தியைப் போல ஒரே கூர்முனை கொண்டதில்லை. அதன் அடிப்பாகம் நீளவாக்கில் லேசாகக் குழிந்திருக்கும். அதனால் இரண்டு பக்கமும் இரண்டு விளிம்புகள். உடலை வெளிப்பக்கம் சாய்த்தால் வெளிவிளிம்பு பனியைக் கவ்வும், உள்பக்கம் சாய்த்தால் உள்விளிம்பு. ஒரு விளிம்பில் சாய்ந்து சறுக்கும் எவரும் நேர்கோட்டில் போக முடியாது. பாதை தானாகவே வளையும். வளைவை விடாமல் பிடித்துக்கொண்டே போனால் ஒரு வட்டம் முடிந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம்.

ஃபிகர்ஸின் அடிப்படை இவ்வளவுதான். ஒன்றையொன்று தொடும் இரண்டு வட்டங்கள், அதாவது ஓர் எட்டு. இரண்டும் தொடும் நடுப்புள்ளியில் அசையாமல் நின்று, ஒரே உந்தலில் கிளம்ப வேண்டும். வலது காலில் ஒரு வட்டம், நடுப்புள்ளிக்குத் திரும்பியதும் இன்னொரு உந்தல், இடது காலில் அடுத்த வட்டம். ஒவ்வொரு வட்டத்தின் குறுக்களவும் ஆடுபவரின் உயரத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருக்க வேண்டும். முடித்ததும் நிற்கக் கூடாது. அதே எட்டை அதே தடத்தின் மேலேயே இன்னும் இரண்டு முறை போட வேண்டும். மூன்று தடங்களும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகத் தெரிந்தால் அவர் கைதேர்ந்தவர்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. நின்ற நிலையிலிருந்து ஒரே தள்ளலில் கிடைக்கும் வேகம் வட்டம் முடியும்வரை வர வேண்டும். தோள் சற்றுக் கூடுதலாகத் திரும்பினால் வட்டம் சுருங்கும். இடுப்பு தாமதித்தால் அகலும். ஒரு நொடி உடல் நிமிர்ந்து இரண்டு விளிம்புகளும் சேர்ந்து பனியில் பதிந்தால் அங்கே இரட்டைக் கோடு விழும். அதைக் குனிந்து பார்க்கும் எந்த நடுவரும் தவறவிட மாட்டார். இதில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. செய்த பிழை பனியிலேயே இருக்கும்.

இந்த வெறும் எட்டின் மேல்தான் மற்ற கடினங்கள் ஏறின. வட்டத்தின் பாதியில் ஒரே காலில் முன்னோக்கிலிருந்து பின்னோக்கித் திரும்பினால் தடத்தில் ஒரு கூர்முனை விழும். வளைவு போகும் பக்கமாகவே உடலைத் திருப்பினால் அந்த முனை வட்டத்தின் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், 3 என்ற எண்ணைப் போல. அதனால் அதற்கு ‘த்ரீ’ என்றே பெயர். வளைவுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் முனை வெளியே நீளும். அது ‘பிராக்கெட்’. இரண்டிலுமே விளிம்பு மாறும், வட்டம் மாறாது. ‘ராக்கர்’, ‘கவுன்டர்’ என்ற இரண்டு திருப்பங்களில் இதற்கு நேர்மாறு: விளிம்பு அப்படியே இருக்க, ஆடுபவர் ஒரு வட்டத்திலிருந்து எதிர்த்திசையில் வளையும் அடுத்த வட்டத்துக்கு மாறிவிடுவார். ‘லூப்’ என்பது வளைவின் உச்சியில் போடும் குட்டிச் சுழி. இவற்றை முன்னோக்கி, பின்னோக்கி, உள்விளிம்பில், வெளிவிளிம்பில், ஒவ்வொரு காலிலும் என்று மாற்றி மாற்றிக் கோத்தால் எத்தனை வகை வரும் என்று எண்ணிப் பாருங்கள். சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 1897ல் ஏற்ற பட்டியலில் 41 உருவங்கள் இருந்தன.

பயிற்சி செய்ய அரங்கின் தரையைக் கீற்றுகளாகப் பிரித்து ஆளுக்கொரு துண்டு வாடகைக்குக் கொடுப்பார்கள். அதை ‘பேட்ச்’ என்பார்கள். பெரிய காம்பஸ் போன்ற கருவியால் பனியில் வட்டம் கீறிக்கொண்டு, அதன்மேல் மணிக்கணக்கில் சறுக்குவார்கள். இசை கிடையாது. ஃபிகர்ஸுக்கென்றே தனி ஸ்கேட் வைத்திருப்பார்கள். முன்னால் இருக்கும் பற்கள் கோட்டைக் கீறிவிடாதபடி அதில் சிறியதாக இருக்கும், பிளேடின் குழிவும் ஆழம் குறைவாக இருக்கும். போட்டியிலோ, ஒருவர் முடித்து விலகியதும் நடுவர்கள் பனியில் இறங்கி நடந்து வந்து, தடத்தைச் சுற்றி நின்று, குனிந்து பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஒரு முழு நாள் இப்படியே ஓடிவிடும். பெரும்பாலும் காலி அரங்கில்.

தொப்பிகளைத் தாண்டியவர்கள்

ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஸ்கேட்டிங் கிளப், 18ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. உலகின் முதல் ஸ்கேட்டிங் கிளப் என்று அதைச் சொல்வது வழக்கம். அதில் சேர ஒரு தேர்வு இருந்தது. எந்தக் காலில் கேட்டாலும் ஒரு முழு வட்டம் போட வேண்டும். பிறகு பனியில் வைத்த ஒரு தொப்பியை, அடுத்து இரண்டை, அடுத்து மூன்றைத் தாண்ட வேண்டும். வட்டமும் தாவலும் தொடக்கத்திலேயே சேர்ந்து இருந்ததை இதில் பார்க்கலாம், ஆனாலும் மரியாதை வட்டத்துக்குத்தான். 1772ல் ராபர்ட் ஜோன்ஸ் லண்டனில் வெளியிட்ட நூல்தான் ஃபிகர் ஸ்கேட்டிங் பற்றிய முதல் நூல்.

19ஆம் நூற்றாண்டில் ஜாக்சன் ஹெய்ன்ஸ் என்ற அமெரிக்கர் இசையையும் நடனத்தையும் பனித்தளத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய பாணி வியன்னாவில்தான் வேர்விட்டது. ஆனாலும் 1892ல் சர்வதேச சங்கம் உருவாகி, 1896ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முதல் உலகப் போட்டி நடந்தபோது ஃபிகர்ஸுக்கே முதல் மரியாதை. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ‘சிறப்பு உருவங்கள்’ என்று தனிப் பதக்கமே இருந்தது. பூவிதழ், நட்சத்திரம், சுருள் என்று சிக்கலான வடிவங்களை ஆடுபவரே கற்பனை செய்து பனியில் வரைய வேண்டும். ரஷ்யாவின் நிகொலாய் பானின் வென்றார். அந்தப் போட்டி அதன்பின் ஒலிம்பிக்கில் நடக்கவே இல்லை. எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு: ஓவியத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வந்த இன்னொரு ஒலிம்பிக் விளையாட்டை எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் உலகப்போர் வரையிலும், அதற்குப் பிறகும் கொஞ்ச காலம், மொத்த மதிப்பெண்ணில் 60 விழுக்காடு ஃபிகர்ஸுக்குப் போனது.

கேமரா எதைப் பார்த்தது

திரைக்கும் ஸ்கேட்டிங்குக்கும் உறவு தொலைக்காட்சிக்கு முன்பே தொடங்கியது. நார்வேயின் சோன்யா ஹெனி 1928, 1932, 1936 என மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றவர், பத்து முறை உலகச் சாம்பியன். 1936லேயே ஹாலிவுட் படத்தில் நடிக்கத் தொடங்கிப் பெரிய நட்சத்திரமானார். அவர் வென்ற பதக்கங்களில் பாதிக்கு மேல் வட்டங்களின் உழைப்பு இருந்தது. திரையரங்கில் மக்கள் கைதட்டியது அவருடைய நடனத்துக்கும் சுழற்சிக்கும்.

அச்சு ஊடகத்தின் நினைவில் அழியாத ஒரு தேதி 1961 பிப்ரவரி 15. உலகப் போட்டிக்காக பிராகா புறப்பட்ட அமெரிக்க ஸ்கேட்டிங் அணி முழுவதும் பிரஸ்ஸல்ஸ் அருகே விமான விபத்தில் இறந்தது. அணியில் இருந்த 16 வயது லாரன்ஸ் ஓவன், பிப்ரவரி 13 தேதியிட்ட ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழின் அட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார். வாசகர்கள் அந்த இதழைக் கையில் வைத்திருந்தபோதே செய்தி வந்தது.

1960ல் கலிஃபோர்னியாவின் ஸ்குவா வேலியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கை அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான சிபிஎஸ் ஒளிபரப்பியது. இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற டிக் பட்டன் வர்ணனைக்கு உட்கார்ந்தார். போட்டியில் முதல் இரட்டை ஆக்ஸலையும் (ஆக்ஸல் என்பது முன்னோக்கிச் சறுக்கியபடியே கிளம்பும் தாவல்) முதல் மும்முறைச் சுழல் தாவலையும் செய்தவர் அவர். பின்னர் ஏபிசி என்ற இன்னொரு நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் அமெரிக்கர்களுக்கு ஸ்கேட்டிங் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அவருடைய குரல்தான். 1968ல் கிரெனோபிலிலிருந்து வண்ணத்தில் வந்த ஒளிபரப்பில், தாய் தைத்துக் கொடுத்த வெளிர்பச்சை உடையில் பெக்கி ஃப்ளெமிங் தங்கம் வென்றபோது, இந்த விளையாட்டு வரவேற்பறைக்கே வந்துவிட்டது. ஃப்ளெமிங் ஃபிகர்ஸிலும் முன்னணியில் இருந்தார். அதனால் யாருக்கும் குழப்பம் வரவில்லை.

குழப்பம் வந்தது சப்போரோவில். ஃபிகர்ஸைப் பொறுத்தவரை கேமராவுக்கு ஓர் அடிப்படைச் சிக்கல் இருந்தது. அங்கே மதிப்பெண் பெறுவது உடலின் அசைவைவிட அது விட்டுச்சென்ற கோடு. வெள்ளைப் பனியில் விழும் வெள்ளைக் கோடு தொலைவிலிருக்கும் கேமராவில் தெரியவே தெரியாது. தெரிவதெல்லாம் ஒருவர் மெதுவாக ஒற்றைக்காலில் சுற்றி வருவதும், பிறகு சிலர் தரையைக் குனிந்து பார்ப்பதும்தான். ஆகவே தொலைக்காட்சிகள் அந்தச் சுற்றைப் பெரும்பாலும் விட்டுவிட்டு மாலை நேர ஆட்டத்தை மட்டும் காட்டின. சரளி வரிசைக்குப் பாதி மதிப்பெண் தந்துவிட்டு, ரசிகர்களுக்குக் கச்சேரியை மட்டும் காட்டிப் பரிசளித்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. ஷூபாவின் வட்டங்களைப் பார்த்திருந்தால் அவர் வெற்றி புரிந்திருக்கும். அவற்றைப் பார்க்க வழியே இல்லாத கோடிக்கணக்கானவர்களுக்கு அவர் ஏழாமிடத்துத் தங்கமாகவே நினைவில் நின்றார். ஒரு மாபெரும் திறமைசாலிக்கு இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

சங்கம் சும்மா இருக்கவில்லை. 1973ல் இசைக்கு ஆடும் இன்னொரு சுற்றாக, ஷார்ட் புரோகிராம் என்ற குறுஞ்சுற்று சேர்ந்தது. ஃபிகர்ஸின் பங்கு 40 விழுக்காடாகக் குறைந்தது, பிறகு 30, கடைசியில் 20. போட வேண்டிய உருவங்களும் பன்னிரண்டிலிருந்து ஆறு, மூன்று, இரண்டு என்று தேய்ந்தன.

பங்கு குறைந்தாலும் கணக்கு மாறவில்லை. 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் சுவிட்சர்லாந்தின் டெனிஸ் பீல்மன், இசைக்கு ஆடும் நீண்ட சுற்றான ஃப்ரீ ஸ்கேட்டிங்கில் முதலிடம் பிடித்தும் பதக்கமின்றி நான்காவதாக நின்றார். ஃபிகர்ஸ் காலை வாரியது. 1984 சரயேவோ ஒலிம்பிக்கில் கனடாவின் பிரையன் ஓர்சர் இரண்டு ஆட்டச் சுற்றுகளிலும் முதல். ஆனால் ஃபிகர்ஸில் ஏழாவது. ஃபிகர்ஸில் முதலிடம் பிடித்து, மற்ற இரண்டிலும் இரண்டாவதாக வந்த அமெரிக்காவின் ஸ்காட் ஹாமில்டனுக்குத் தங்கம்.

வாக்கெடுப்பு

1988ல் சங்கம் வாக்கெடுத்தது. 27க்கு 4 என்ற கணக்கில் ஃபிகர்ஸை 1990க்குப் பிறகு நீக்க முடிவானது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், எதிர்த்து வாக்களித்தவர்களில் அமெரிக்காவும் கனடாவும் இருந்தன. ஸ்கேட்டிங் ஒளிபரப்பில் அதிகம் சம்பாதித்த நாடே ஃபிகர்ஸைக் காப்பாற்ற நினைத்தது என்றால், ‘தொலைக்காட்சி கொன்றது’ என்பது முழுக்கதை ஆகாது. அரங்குகள் நிறைந்த நாடுகளில் குழந்தைகளுக்கு பேட்ச் நேரம் வாங்கித்தர முடிந்தது, அதை நம்பிப் பயிற்சியாளர்கள் பிழைத்தார்கள். ஒரே ஓர் அரங்கை ஹாக்கி அணியோடு பங்கிட்டுக்கொள்ளும் நாடுகளுக்கு, வருடக்கணக்கில் வட்டம் போட வைப்பது கட்டுப்படியாகாத செலவு. நடுவர்கள் மீதான சந்தேகமும் இருந்தது. யாரும் பார்க்காத காலி அரங்கில் போடும் மதிப்பெண், பெயர்பெற்றவர்களுக்குச் சாதகமாகச் சாய்கிறது என்ற முணுமுணுப்பு ஓயவில்லை. தொலைக்காட்சி செய்தது இந்தப் பழைய மனக்குறைகளுக்கெல்லாம் ஒரு பெரும் கூட்டத்தின் குரலைச் சேர்த்தது.

ஃபிகர்ஸ் இடம்பெற்ற கடைசி உலகச் சாம்பியன் போட்டி 1990ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில். பெண்களில் மும்முறை ஆக்ஸலைப் போட்டியில் முதலில் செய்த ஜப்பானின் மிடோரி இட்டோ, இரண்டு ஆட்டச் சுற்றுகளையும் வென்றார். ஃபிகர்ஸில் அவர் பத்தாவது. தங்கம், ஃபிகர்ஸில் முதலிடம் பிடித்த அமெரிக்காவின் ஜில் ட்ரெனரிக்கு. விடைபெறும் நேரத்திலும் வட்டங்கள் ஒரு சாம்பியனைத் தீர்மானித்துவிட்டே போயின.

போனதும் வந்ததும்

அடுத்த பத்தாண்டில் விளையாட்டின் வயதே மாறியது. ஃபிகர்ஸ் காலத்தில் வட்டங்கள் கைவர ஆண்டுகள் பிடிக்கும், நடுவர்களிடம் பெயரெடுக்க இன்னும் சில ஆண்டுகள். அந்தக் காத்திருப்பு நீங்கியதும் இலேசான உடலும் பயமற்ற தாவலும் கொண்ட சிறுமிகள் முன்னுக்கு வந்தார்கள். 1994ல் ஒக்ஸானா பையுல் 16 வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்றார், 1998ல் டாரா லிபின்ஸ்கி 15 வயதில். 2022ல்தான் சங்கம் மூத்தோர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதைப் படிப்படியாக 17 ஆக உயர்த்த முடிவு செய்தது. ஃபிகர்ஸ் தன் பாட்டுக்குச் செய்துவந்த ஒரு வேலையைச் சட்டம் போட்டுச் செய்ய வேண்டியதாயிற்று என்பது என் கருத்து.

தொலைக்காட்சியோ உச்சம் தொட்டது. 1994 ஜனவரியில் அமெரிக்க வீராங்கனை நான்சி கெரிகன் தாக்கப்பட்டு, அவருடைய சக அமெரிக்கப் போட்டியாளர் டோன்யா ஹார்டிங்கின் முன்னாள் கணவர் அந்தச் சதியில் சிக்கிய பிறகு, இரு வீராங்கனைகளும் லில்லஹாமர் ஒலிம்பிக்கில் மோதிய இரவு அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றில் மிக அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சிகளில் ஒன்றானது. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஜோடிப் பிரிவில் நடுவர் ஊழல் வெடித்தது. அதாவது காலி அரங்கின் இருட்டை நீக்கினால் சந்தேகம் தீரும் என்ற நம்பிக்கை, விளக்கு வெளிச்சத்திலேயே பொய்த்தது. அதன் விளைவாக, 6.0ஐ உச்சமாகக் கொண்ட பழைய மதிப்பெண் முறை போய், ஒவ்வொரு அசைவுக்கும் தனித்தனிப் புள்ளி தரும் முறை வந்தது.

பழைய உருவங்கள் திரும்பி வந்தது இந்தப் புதிய முறையின் வழியாகத்தான். இன்றைய ஆட்டங்களில் ‘ஸ்டெப் சீக்வென்ஸ்’ என்றொரு பகுதி உண்டு. தாவல் இல்லாமல் அரங்கின் முழு நீளத்தையும் கால்வேலையால் கடப்பது. அதில் உயர்நிலைப் புள்ளி வேண்டுமென்றால் பிராக்கெட், ராக்கர், கவுன்டர், லூப் போன்ற கடினத் திருப்பங்களைச் சுத்தமான விளிம்பில் காட்ட வேண்டும். 1897 பட்டியலின் அதே சரக்குதான், இப்போது வேகத்தோடும் இசையோடும். ஆனால் இதைச் சொல்லிக்கொடுக்கும் பழைய வழி அறுந்துவிட்டது. பேட்ச் நேரம் போனபின், தன் தடத்தைத் தானே திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் இல்லாமலானது. போட்டியிலிருந்து ஃபிகர்ஸை எடுத்தது சரி. பயிற்சியிலிருந்தும் அது சேர்ந்தே போனது பெரிய இழப்பு.

அதைத் திரும்பப் பிடிக்க முயல்கிறவர்களும் இருக்கிறார்கள். 2015 முதல் ஃபிகர்ஸுக்கென்றே ஓர் உலகப் போட்டி நடக்கிறது. லேக் பிளாசிடில் தொடங்கிய அந்தப் போட்டியில் பனித்தளத்தின் அடியைக் கறுப்பாக்கினார்கள். வெள்ளைக் கோடு கறுப்பின் மேல் பளிச்சென்று தெரிந்தது, கண்ணுக்கும் கேமராவுக்கும். யார் ஆடினார் என்று நடுவர்கள் பார்ப்பதில்லை. ஆடி முடித்த பிறகு வந்து தடத்தை மட்டும் பார்த்து மதிப்பிடுகிறார்கள். கேமராவுக்குத் தெரியவில்லை, நடுவர் பெயரைப் பார்க்கிறார் என்ற இரண்டு பழைய குற்றச்சாட்டுகளுக்கும் இவ்வளவு எளிய பதில்கள் இருந்தன. அவை 1972ல் யாருக்காவது தோன்றியிருந்தால் ஷூபாவை உலகம் வேறு மாதிரி பார்த்திருக்கும்.

அடுத்த முறை ஒரு ஸ்டெப் சீக்வென்ஸ் வரும்போது முகத்தையும் கைகளையும் விட்டுவிட்டு, ஆடுபவரின் கணுக்காலை மட்டும் பாருங்கள். ஒரே காலில் நின்று திரும்பியபின் அதே வளைவிலேயே தொடர்ந்தால் அது த்ரீ அல்லது பிராக்கெட். எதிர்ப்பக்கம் வளைந்து போனால் ராக்கர் அல்லது கவுன்டர். இந்த ஜோடிகளுக்குள் எது எது என்று பிரிக்க, உடல் வளைவோடு சேர்ந்து திரும்பியதா, வளைவை எதிர்த்துத் திரும்பியதா என்று பாருங்கள். சேர்ந்து திரும்பினால் த்ரீயும் ராக்கரும், எதிர்த்துத் திரும்பினால் பிராக்கெட்டும் கவுன்டரும். மெதுவாக ஓட்டிய காணொளியில் சில முறை பார்த்தால் கண் பழகிவிடும்.